கிழிந்த கொடியைக் கௌரவமாக இறக்குவோம்

பெப்ரவரி 4 நெருங்கினால் நமது தோட்டங்களிலும் தேசியக்கொடி ஏறுகிறது. பாடசாலையில், தோட்டக் காரியாலயத்தில், லயத்து வாசலில், ஆட்டோவின் முன்பக்கத்தில் என்று எங்கும் பறக்கிறது. பிறகு அதை யாரும் நினைப்பதில்லை. யட்டியாந்தோட்டை மழை நமக்குத் தெரிந்ததுதானே! தென்மேல் பருவமழை ஓய்வதற்குள் சாயம் வெளுத்து, ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, கம்பத்தில் சுற்றிக் கிடக்கிறது. சில இடங்களில் வாகனம் துடைக்கும் துணியாகவும் போய்விடுகிறது.

முறையாகக் கழற்றி எரித்துவிடலாமே என்றால், "நமக்கு ஏன் சேர் வம்பு?" என்ற பதில்தான் வருகிறது. இந்தப் பயத்தை நாம் குறை சொல்லவில்லை. தோட்டத் தமிழர் கையில் தேசியக்கொடியும் தீப்பெட்டியும் இருந்தால் பார்ப்பவர்கள் என்ன கதை கட்டுவார்களோ என்ற பயம் அது. ஆனால், அந்தப் பயத்தினால் கந்தலைக் கம்பத்தில் விட்டுவைப்பது கொடிக்கும் அழகில்லை, நமக்கும் அழகில்லை.

பழுதான கொடியை எரிப்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட முறை. கிழிந்த கொடியை வீசிவிடக் கூடாது, தனிமையான இடத்தில் முழுமையாக, இயன்றால் எரித்து அழிக்க வேண்டும் என்கிறது இந்தியாவின் 2002ஆம் ஆண்டுக் கொடி விதிக்கோவை. அமெரிக்கக் கொடிச் சட்டமும் அப்படியே சொல்கிறது. ஆத்திரத்தில் தெருவில் கொளுத்துவதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கொடியோடு நமக்கொரு கணக்கும் இருக்கிறது. 1948இல் சுதந்திரத்தோடு சிங்கக்கொடி ஏறியது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அன்று அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களில், பின்னாளில் யட்டியாந்தோட்டைத் தொகுதியின் உறுப்பினரான என்.எம். பெரேராவின் சமசமாஜக் கட்சியும் ஒன்று. 1951இல் தமிழருக்கென்று செம்மஞ்சள் பட்டியும் முஸ்லிம்களுக்கென்று பச்சைப் பட்டியும் கொடியில் சேர்ந்தன. கொடியில் தமிழருக்கு இடம் கிடைத்தபோதும் தோட்டத்தில் இருந்த நமக்கு நாடு இருக்கவில்லை. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்தது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான்.

இத்தனை காலம் காத்திருந்து பெற்ற உரிமை இது. சொந்த வீட்டின் கிழிந்த துணியை எடுக்க யாரும் அஞ்சுவதில்லை. கொடியையும் அந்த உரிமையோடுதான் நாம் தொட வேண்டும்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கமிட்டிக்கும் நாம் சொல்வது இதுதான். பழைய கொடிகளை ஓரிடத்தில் சேருங்கள். பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, அவர்கள் சொல்லும் முறையைக் கேளுங்கள். கிராம உத்தியோகத்தர், பாடசாலை அதிபர், தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி முன்னிலையில், அமைதியாக, மடித்து, முழுவதும் சாம்பலாகும்வரை எரியுங்கள். சாம்பலைப் புதையுங்கள். நடந்ததைக் கூட்டக் குறிப்பில் எழுதி, வந்தவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். கைத்தொலைபேசியில் படம் பிடிக்க வேண்டாம். பாதி வீடியோ முழு வம்பாகிவிடும். பொலியெஸ்டர் துணியின் புகை கெடுதி, பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்.

காரியாலயக் கம்பத்துக்குப் புதுக்கொடி வாங்குவது நிர்வாகத்தின் செலவு. அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் ஒரு ரூபாயும் பிடிக்க விடக் கூடாது.