விலை கொடுத்தும் சொந்தமில்லை: மென்பொருள் பூட்டும் கேரளம் கண்ட மாற்றும்

திருவனந்தபுரம்: பணம் கொடுத்து வாங்கிய மென்பொருளும் விளையாட்டும் விற்ற நிறுவனம் அனுமதிக்கும் வரை மட்டுமே இயங்கும் என்பதற்கு எதிராக உலகெங்கும் நுகர்வோர் குரல் வலுத்து வருகிறது. டிஆர்எம் எனப்படும் இந்த டிஜிட்டல் பூட்டுகள் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கவே உருவாக்கப்பட்டன. எனினும், முறையாக வாங்கியவரே அவற்றால் அதிகம் அவதியுறுகிறார்.

2014-இல் வெளியான 'தி க்ரூ' கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யுபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தியது. தனியாக விளையாடவும் இணைய இணைப்பு கட்டாயம் என்பதால், டிஸ்க் வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் அது பயனற்றுப் போனது. இதையடுத்து யூடியூபர் ராஸ் ஸ்காட் தொடங்கிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் ஐரோப்பிய மனுவில், 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். வழங்கப்படுவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகக் கூறாமல் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது எனக் கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் நடைமுறையில் உள்ளது.

இந்தியாவில் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. உரிமையை மீறும் நோக்கத்துடன் பூட்டை உடைப்பவருக்கு 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்க அது வகை செய்கிறது. நோக்கத்தை அளவுகோலாகக் கொண்டதால், அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தைவிட இது நுகர்வோருக்குச் சற்று இணக்கமானது. ஆனால் பூட்டைத் திறக்கும் தொழில்நுட்பம் எத்தனை பேருக்குக் கைவரும்?

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் மற்றொரு வழியைக் காட்டுகிறது. தக்க காரணமின்றி ஒப்பந்தத்தை ஒருதலைப்பட்சமாக முறிக்க இடமளிக்கும் விதி 'நியாயமற்ற ஒப்பந்தம்' ஆகும். ஆனால் அத்தகைய புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க இயலாது. மாநில ஆணையத்தையே நாட வேண்டும். ஓரிரு ஆயிரம் ரூபாய் விளையாட்டுக்காகத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆணையத்தின் படியேற எத்தனை பேர் முன்வருவர் என்பது ஐயமே.

பூட்டிய மென்பொருளுக்கு இந்நகரம் வேறு விதமாக விடை கண்டது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில், ரிச்சர்ட் ஸ்டால்மன் முன்னிலையில் இங்குதான் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமும் படிப்படியாக லினக்ஸுக்கு மாறியது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் இதனால் ரூ.3,000 கோடி மிச்சமாவதாக, அத்திட்டத்தின் வழிவந்த கைட் நிறுவனம் 2019-இல் கணக்கிட்டது. எந்த நிறுவனமும் தொலைவிலிருந்து அணைத்துவிட முடியாத மென்பொருள் என்பது இந்தத் தொகையில் அடங்காத ஆதாயம்.

இவ்வழி விளையாட்டுகளுக்குப் பொருந்தவில்லை. எழுதவும் கணக்கிடவும் கட்டற்ற செயலிகள் உண்டு. குறிப்பிட்ட ஒரு விளையாட்டுக்கு அதுவே தவிர வேறு மாற்றில்லை. சேவையை நிறுத்தும் முன் அதனைத் தொடர்ந்து விளையாடக்கூடிய நிலையில் விட்டுச் செல்ல வேண்டும் என்பதே ஐரோப்பிய மனுவின் கோரிக்கை. 65ஏ பிரிவு அத்தகைய கடமை எதையும் விற்பனையாளருக்கு விதிக்கவில்லை.