பாம்புக்கும் ஒரு பதிவு எண்

முதல்லயே சொல்லிடறேன், எனக்குப் பாம்புன்னா பிடிக்கும். அதனால இதைப் பாம்பைப் பார்த்துப் பயந்தவன் புலம்பல்னு நினைச்சுடாதீங்க.

எங்க குறிஞ்சிப்பாடியில வயல்ல போற சாரைப்பாம்பைப் பிடிச்சு வீட்ல வெச்சா கேஸ். நட்சத்திர ஆமையும் அப்படித்தான். ஆனா மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பால் பைத்தானை (பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும், அதான் பேர்) கண்ணாடிப் பெட்டியில வெச்சு வளர்த்தா ரொம்ப வருஷம் ஒருத்தரும் கேட்கலை. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட அட்டவணைகள் பெரும்பாலும் நம்ம நாட்டு விலங்குகளுக்கானது. வெளிநாட்டு விலங்கு விமான நிலையத்துல மாட்டினா கஸ்டம்ஸ் பிடிக்கும். வாசலைத் தாண்டிட்டா அது யாரோட தலைவலியும் இல்லை.

எவ்வளவு வருதுன்னு ஒரு அளவுக்குச் சொல்றேன். 2023 ஜனவரியில பாங்காக்லேர்ந்து சென்னைக்கு வந்த கேட்பாரற்ற பெட்டிகள்ல 45 பால் பைத்தான், 8 கார்ன் ஸ்நேக், கூடவே மார்மோசெட் குரங்குகளும் நட்சத்திர ஆமைகளும். அதே வருஷம் ஜூலையில திருச்சியில கோலாலம்பூர்லேர்ந்து வந்த ஒரே பயணிகிட்ட 47 மலைப்பாம்பு, 2 பல்லி. பெட்டிக்குள்ள மூச்சுத் திணறிச் செத்ததுபோக மிச்சம்தான் கடைக்கு வருது. "என் பாம்பு இங்கேயே பிறந்தது சார்"னு கடைக்காரர் சொல்றதை நம்பறது உங்க இஷ்டம்.

2020 ஜூன்ல மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு வாய்ப்பு கொடுத்தது. ஆறு மாசத்துக்குள்ள தானா முன்வந்து அறிவிச்சா, எங்கேர்ந்து வந்ததுன்னு பேப்பர் கேட்க மாட்டோம்னாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா பத்து வருஷமா வளர்த்த இகுவானாவும், முந்தாநாள் சூட்கேஸ்ல வந்த குட்டியும் ஒரே வரிசையில நின்னுச்சு. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்கற திட்டம் மாதிரிதான் எனக்குப் பட்டது.

அப்புறம் 2022 திருத்தம், 2023 ஏப்ரல் 1-லேர்ந்து அமல். சைட்டிஸ் பட்டியல்ல இருக்கற வெளிநாட்டு விலங்குகளைத் தனியா நாலாவது அட்டவணையில கொண்டு வந்தாங்க. 2024 பிப்ரவரி 28-ல விதிகள் வந்துச்சு. பரிவேஷ் தளத்துல ஆறு மாசத்துக்குள்ள பதியணும், குட்டி போட்டாலும் செத்தாலும் கைமாறினாலும் சொல்லணும். வளர்த்து விற்கறவங்களுக்கு லைசென்ஸ். இதை நான் முழுசா ஆதரிக்கறேன். "எங்க செல்லத்துல கவர்மெண்டுக்கு என்ன வேலை"ங்கறவங்களுக்கு ஒரே பதில்: பைக்குக்கு ஆர்.சி. புக் வெச்சிருக்கீங்கல்ல?

ஆனா சாஃப்ட்வேர்காரனா ரெண்டு ஓட்டை என் கண்ணுல படுது.

ஒண்ணு, அடையாளம். மைக்ரோசிப் மாதிரி அழியாத அடையாளம் ஒண்ணு உடம்புல இல்லைன்னா, செத்த பாம்போட பதிவுல புதுப் பாம்பு உட்கார்ந்துடும். டேட்டாபேஸ்ல வரிசை சரியா இருக்கும், பெட்டிக்குள்ள இருக்கறது வேற. ரெண்டு, சைட்டிஸ் பட்டியல்லயே இல்லாத கார்ன் ஸ்நேக், பியர்டட் டிராகன் எல்லாம் இந்தப் பதிவுக்குள்ள வராது. கடத்தறவனுக்கு இது தெரியாதுன்னா நினைக்கறீங்க?

இன்னொண்ணும் மனசுல ஓடுது. என்னோட வேலை பார்க்கற நண்பர் ஒருத்தர் ஒரு பால் பைத்தான் வளர்க்கறார். ஒழுங்கா பதிஞ்சுட்டார். அது 20, 30 வருஷம் வாழும். இவருக்கோ அடுத்த வருஷம் ஆன்சைட். பாம்பை யார்கிட்ட விடறது? எங்க ஊர் கால்நடை மருத்துவர்கிட்ட ஆடு மாடு கோழிக்கு வைத்தியம் கிடைக்கும், பைத்தானுக்கு நிமோனியான்னா? இகுவானா வளர்த்தவங்க பாடு இன்னும் மோசம். உள்ளங்கை அளவுல வாங்கினது வாலோட சேர்த்து அஞ்சடி ஆயிடும்.

இந்த மாதிரி நேரத்துலதான் "எங்கேயாவது விட்டுடலாம்"னு யோசனை வரும். கேரளாவுல சிவப்புக் காது ஆமையை அப்படி விட்டதுலதான் 2018-ல திருச்சூர்ப் பக்கம் நீர்நிலையில கண்டுபிடிச்சு அலறினாங்க. நம்ம பெருமாள் ஏரியிலயும் கோயில் குளத்துலயும் விட எவ்வளவு நேரம் ஆகும்? பதியறதுக்கு ஒரு தளம் கட்டினவங்க, "என்னால முடியலை, எடுத்துக்கோங்க"ன்னு மாவட்டத்துக்கு ஒரு இடத்துல கேள்வி கேட்காம வாங்கிக்கறதுக்கும் ஏற்பாடு செய்யணும். கெடு தாண்டிப்போய் பயந்துகிட்டே கட்டிலுக்கு அடியில பெட்டியை மறைச்சு வெச்சிருக்கறவங்களும் அங்கேதான் முதல்ல வருவாங்க.