முழந்தாளும் குளமும்



எபிரேய மொழியில் 'பெராக்கா' என்பது ஆசீர், 'பெரெக்' முழந்தாள், 'பெரேக்கா' குளம். மூன்றிலும் மெய்யெழுத்துகள் அவையே. நம் இசுலாமியச் சகோதரர் கூறும் 'பரக்கத்து' என்னும் அரபுச் சொல்லும் 'பெராக்கா'வின் இனமே. மூன்றும் ஒரு வேரில் முளைத்தவையா என்பதில் அறிஞர் ஒருமனப்படவில்லை. ஆயினும், வானம் பார்த்த பந்தல்குடி மண்ணில் வாழும் நமக்கு அவ்வுறவு எளிதில் விளங்கும்.

மழை வேண்டி முழந்தாளிடுகிறோம். பெய்த மழையைத் தேக்க வேண்டிய நம் வட்டாரக் கண்மாய்கள் பலவும் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. நெகேமியா காலத்து மக்களோ எருசலேம் மதிலோடு குளத்துச் சுவரையும் தம் கைகளாலேயே செப்பனிட்டனர் (நெகே. 3:15).

ஆலயத்தில் மடங்கும் முழந்தாள் கண்மாய்ச் சேற்றிலும் மடங்கட்டும். குளம் தூர்ந்தால் ஆசீர் எங்கே தங்கும்?