பாம்பு முட்டையும் பெட்டி வளர்ப்பும்

புல்மோட்டையில் இல்மனைற் மணல் செறிந்த கரையை நீங்கி உள்நாட்டுப் பக்கம் சென்றால் வரண்ட பற்றைக்காடு எதிர்ப்படும். இத்தகைய நிலத்திற் காணி துப்புரவாக்குவோரின் மண்வெட்டிக்கு, புற்றினுள்ளோ உக்கிய மரக்குற்றியின் அடியிலோ பாம்பு முட்டைகள் அகப்படுவது புதுமையன்று. கண்டவுடன் நசுக்குவது பழைய வழக்கம். அவற்றை வீட்டுக்கு எடுத்துச் சென்று, பெட்டியிலிட்டு, மின்குமிழாற் சூடேற்றிப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளைச் செல்லப்பிராணிகளாக வளர்ப்பதே உயிரினப் பாதுகாப்பு என வாதிடுவோரும் இன்று உளர். முன்னையது அறியாமை, பின்னையதும் அறியாமையே. அறிவியலின் உடை தரித்து வருவதால் அதனை இனங்காண்பது மட்டும் கடினம்.

அடைகாக்கும் கோழி தன் முட்டைகளை அடிக்கடி புரட்டும். அதைக் கண்டு பழகிய கை பாம்பு முட்டையையும் புரட்டுகின்றது. கோழி முட்டையில் மஞ்சட்கருவைத் தாங்கி நிற்கும் வெண்கருத் திரிகள் பாம்பு முட்டையில் இல்லை. தோட்டின் உட்புறத்தில் ஒட்டி வளரும் கரு, முட்டை தலைகீழானால் மாண்டுபோகக்கூடும். தோடும் சுண்ணாம்பு ஓடன்று. ஈரத்தை உறிஞ்சும் தோல் போன்றது. மண் காய்ந்தால் முட்டை சுருங்கும். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். புற்று இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையை எவருடைய உதவியுமின்றிப் பேணுகின்றது.

தாய்ப்பாம்பைப் பற்றி இவர்கள் பேசுவதேயில்லை. நாகம் முட்டைகளின் அருகே காவலிருக்கும். வெங்கிணாந்தியோ முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு, தசைகளைத் துடிக்கச் செய்து, தன் உடற்சூட்டை உயர்த்தி அடைகாக்கும். இச்செய்தியை ஐரோப்பிய அறிஞர் முதலில் நம்ப மறுத்தனர். 1841இல் பாரிசில் வலாங்சியென் என்னும் விலங்கியலறிஞர் வெப்பமானி கொண்டு அளந்து காட்டினார். அத்தாயைத் துரத்திவிட்டு அதன் இடத்தில் ஒரு மின்குமிழை வைப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர்!

பொரித்த பின்னரே உண்மையான இடர் தொடங்குகிறது. கண்ணாடிப் புடையன் குட்டியீனுவது என்பதால், முட்டையாகக் கிடைப்பதெல்லாம் சாரையுடையதே எனக் கருதலாகாது, நாகமும் முட்டையிடுவதே. நாகக்குஞ்சு பொரிக்கும்போதே நஞ்சுடன் பொரிக்கின்றது. பெட்டியைத் திறந்து பார்க்கும் சிறுவனுக்கு அது தெரியுமா? சாரைக்குஞ்சே ஆயினும் சிறு தவளையும் பல்லியும் தேடும். ஓரிரு கிழமை வியப்புத் தீர்ந்தபின் அவற்றை யார் பிடித்துக் கொடுப்பர்?

1975இல் இந்தியா தொடங்கிய முதலைத் திட்டத்தில் முட்டைகள் சேகரிக்கப்பட்டுச் செயற்கையாகப் பொரிக்கப்பட்டனவே என எதிர்வாதம் எழலாம். நியாயமான வாதமே. ஆனால் அங்கு அழிவின் விளிம்பில் நின்ற இனங்கள் இருந்தன. பதிவேடும் கண்காணிப்பும் இருந்தன. ஆற்றில் மீள விடுவதே குறிக்கோளாயிருந்தது. சாரைக்கு அந்நிலை இல்லை. பாம்புகளை நன்கறிந்தவரான தமிழ்நாட்டு இருளரை நோக்குக. 1978இல் அவர்கள் அமைத்த கூட்டுறவுச் சங்கம் நஞ்செடுத்த பாம்புகளை மீண்டும் காட்டில் விடுகின்றது. இலங்கை மருத்துவமனைகள் பயன்படுத்திவரும் இந்திய நச்சுமுறி மருந்துக்கும் அத்தகைய நஞ்சே மூலப்பொருள். வாழ்வுக்காகப் பாம்பு பிடிப்பவர் அதனைத் திருப்பி அனுப்ப, பொழுதுபோக்காகப் பிடிப்பவர் அடைத்து வைக்கின்றனர்.

1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வெங்கிணாந்தி காக்கப்படும் இனம்; அதன் முட்டையைக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தவர் சட்டத்துக்கும் விடைசொல்ல வேண்டும். மண்வெட்டி தவறிப் புற்றைப் பிளந்துவிட்டதாயின், தாய் அருகில் இல்லையென உறுதிசெய்து, முட்டைகளைப் புரட்டாது அதே மண்ணால் மூடிவிட்டு, வேலியை இரண்டு மாதம் பிந்தி அடைக்கலாம். அதற்கும் இயலாத இடமாயின் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்கலாம்.