பழுதான செயற்கை வால்வுக்குள் புது வால்வு: ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்பது சரியா?

இதய வால்வை மாத்தியாச்சு, இனி கவலையில்லை என்று குடும்பமே நிம்மதியாக இருக்கும். பத்து, பதினைந்து வருஷம் கழித்து மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கும். எக்கோ எடுத்தால், வைத்த வால்வே பழுது! மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படும் திசு வால்வுகளின் இயல்பு அது. சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகும், அல்லது கிழிந்து கசியும்.

முன்பெல்லாம் இதற்கு மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டும். முதல் ஆபரேஷனின் தழும்பில் இதயம் நெஞ்செலும்போடு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், இரண்டாவது முறை ஆபத்து அதிகம். வயதானவர்கள் பலர் மாத்திரையிலேயே காலம் தள்ளினார்கள்.

இப்போது தொடை ரத்தக்குழாய் வழியாக, சுருக்கி மடித்த புது வால்வைக் கதீட்டரில் கொண்டுபோய்ப் பழையதற்குள்ளேயே விரிக்கிறார்கள். பழையதை வெளியே எடுப்பதில்லை. அதன் வளையம்தான் புதியதற்குப் பிடிமானம். 2002-ல் பிரான்ஸின் ரூவான் நகரில் டாக்டர் அலன் கிரிபியே மனிதரின் சொந்த அயோர்டிக் வால்வுக்குள் முதன்முதலாக இப்படிப் பொருத்தினார். பழுதான திசு வால்வுக்குள்ளும் வைக்கலாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2015-ல் அனுமதித்தது. மெட்டல் வால்வு வைத்தவர்களுக்கு இந்த வழி கிடையாது.

முதியவர்களுக்கு இது வரம்தான், சந்தேகமில்லை. ஆனால் 45 வயதுக்காரரிடமும், ‘திசு வால்வு போட்டுக்குங்க, கெட்டுப்போனா கதீட்டர்ல மாத்திக்கலாம்’ என்று சுலபமாகச் சொல்லப்படும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆயுள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை, ஐ.என்.ஆர். டெஸ்ட் என்ற தொல்லை இல்லை என்பது உண்மை. கர்ப்பமாக விரும்பும் பெண்களுக்கு அது பெரிய விஷயம். அதே நேரம், வயது குறைய குறைய திசு வால்வு சீக்கிரம் பழுதாகும்.

டம்ளருக்குள் டம்ளர் வைத்தால் உள்ளே இருப்பதன் வாய் சின்னதாகத்தானே இருக்கும்? முதலில் வைத்தது 19 அல்லது 21 மி.மீ. வால்வு என்றால், புதியது வைத்த பிறகும் ரத்தம் போகும் பாதை குறுகலாகவே இருக்கலாம். மூச்சுத் திணறல் முழுசாகத் தீராது. ஓரமாகத் தள்ளப்படும் பழைய இதழ்கள் கரோனரி ரத்தக்குழாயின் வாயை அடைக்கும் அபாயமும் உண்டு. சி.டி. ஸ்கேனில் அளந்து பார்த்த பிறகு, ‘உங்களுக்கு முடியாது’ என்று சொல்லப்படுபவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது வால்வு தேவைப்பட்டால் இடம் இன்னும் சுருங்கும். கதீட்டர் வால்வின் விலையோ பல லட்சம்.

ஆகவே முதல் ஆபரேஷனுக்குக் கையெழுத்து வாங்கும்போதே, எந்த அளவு வால்வு வைக்கப்போகிறோம், பின்னாளில் அதற்குள் இன்னொன்று நுழையுமா என்பதை டாக்டர்கள் விளக்கியாக வேண்டும். அவர்கள் சொல்லாவிட்டால் நோயாளி கேட்கலாம், தப்பில்லை. டிஸ்சார்ஜின்போது தரும் வால்வு அட்டையில் மாடலும் அளவும் இருக்கும். பல வீடுகளில் அது பழைய ஃபைலோடு எடைக்குப் போய்விடுகிறது.