பரங்கிமலைச் சிலுவையில் முகம் இல்லை

நூம்பல், வேலப்பன்சாவடி, அயனம்பாக்கம் என்று சென்னையின் மேற்குப் புறநகரில் வீடுகள் பெருகப் பெருக, ஆலயங்களும் ஜெப வீடுகளும் கூடவே எழுகின்றன. உள்ளே போனால் பெரும்பாலும் ஒரே இயேசுதான்: தோளில் புரளும் பழுப்பு முடி, பக்கவாட்டில் ஒளி விழும் வெள்ளை முகம். சிகாகோ ஓவியர் வார்னர் சால்மன் 1940-ல் வரைந்த படத்தின் வழிவந்த முகம் அது. காலண்டராகவும் ஃபிளெக்ஸாகவும் உலகெங்கும் பரவிவிட்டது. அந்த முகத்தின் மேல் மக்கள் வைத்திருக்கும் அன்பு உண்மையானது, அதைப் பழிக்கக் கூடாது. ஆனால் வேதத்தை ஓவியமாக்க இது ஒன்றே வழி என்று சபைகள் இருந்துவிடுவது பெரிய இழப்பு.

வேதமே பல இடங்களில் உருவம் காட்டாமல்தான் பேசுகிறது. வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்தில் யோவான் சிங்காசனத்தில் வீற்றிருப்பவரைக் காண்கிறார். கண் எப்படி, தாடி எப்படி என்று ஒரு வார்த்தை இல்லை. வச்சிரக்கல், பதுமராகம், சுற்றிலும் மரகதம் போன்ற வானவில். எல்லாம் நிறம், எல்லாம் ஒளி. ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலைக்கும் முதலில் சொல்லப்படுவது இளநீலமும் இரத்தாம்பரமும் சிவப்பும். கேருபீன்கள் அதற்குப் பிறகுதான். எலியாவுக்கோ பெருங்காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி எல்லாம் கடந்த பின் ஒரு மெல்லிய குரல். அந்தக் குரலை எந்த முகத்தால் வரைவது? உருவமின்றி வரையும் அரூப ஓவியனுக்கு இதைவிடப் பெரிய அழைப்பு வேண்டியதில்லை.

அரூபம் மேல்நாட்டுச் சரக்கு என்பவர்கள் போரூர் வழியாகப் பரங்கிமலைக்கு ஒருமுறை போய்வரட்டும். 1547-ல் போர்த்துகீசியர் அங்கே அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கற்சிலுவை இன்றும் அங்குள்ள ஆலயத்தின் பீடத்தில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது என்பது அறிஞர்கள் கணிப்பு. அதில் அறையப்பட்ட உடல் இல்லை. சிலுவையின் நான்கு முனைகளும் மொட்டாக விரிகின்றன, அடியில் இலைகள் சுருள்கின்றன, மேலே ஒரு புறா இறங்குகிறது. சுற்றிலும் வளைவாகப் பண்டைப் பாரசீகத்தின் பஹ்லவி எழுத்து. அந்த எழுத்தின் பொருளில் அறிஞர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. முழங்காலிடும் மக்களுக்கு அதை வாசிக்கவும் தெரியாது. ஆனாலும் நூற்றாண்டுகளாக முழங்காலிடுகிறார்கள்.

வாசிக்க முடியாத எழுத்தை ஓவியமாக்கிய மேதை ஒருவர் இதே நகரில் வாழ்ந்தார். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்து, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர். முன்பு கிறிஸ்துவை உருவமாக வரைந்தவர், 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வந்தார். எழுத்து போன்ற கோடுகள், கட்டங்கள், ஜாதகம் போன்ற வடிவங்கள். ஒரு மாணவனின் கணக்கு நோட்டுதான் தூண்டுதல் என்பார்கள். சுவரெல்லாம் வசனம் எழுதி வைக்கும் தமிழ்ச் சபைகளுக்கு இந்த ஓவிய மொழி எவ்வளவு நெருக்கம்!

வெளிநாட்டிலும் வலுவான முன்மாதிரிகள் உண்டு. பார்னட் நியூமன் ஒரு யூத ஓவியர். சிலுவைப் பாதையின் 14 நிலைகளை 1958 முதல் 1966 வரை வரைந்தார். ஆள் உயரத் துணியில் நெடுக்காகச் சில கோடுகள், கருப்பும் வெள்ளையும், பூசாமல் விட்ட வெறுந்துணி. அரிமத்தியா யோசேப்பும் இல்லை, வெரோனிக்காவும் இல்லை. “ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்று சிலுவையில் இயேசு எழுப்பிய அந்த ஒரே கதறல்தான் பதினான்கிலும். பிரான்சின் ஆல்ஃபிரெட் மனெசியே 1943-ல் ஒரு துறவு மடத்தில் தங்கியபோது விசுவாசத்துக்குத் திரும்பியவர். லெ ப்ரேசோ என்ற சின்னக் கிராமத்துக் கோயிலுக்கு 1948-ல் உருவமற்ற வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் செய்யத் தொடங்கினார். பாரிஸ் பேராலயம் அல்ல, கிராமக் கோயில். அதே ஓவியர் 1962-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியின் ஓவியப் பெரும்பரிசை வாங்கினார்.

“பாமர ஜனத்துக்கு என்ன புரியும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி படத்தைப் பார்த்தே பாடுகளின் கதையைத் தெரிந்துகொள்கிறார். அந்தப் படங்களை யாரும் கழற்ற வேண்டாம். ஒரு சுவரை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும். அதே பாட்டி மாலை வெயிலில் சிவப்புக் கண்ணாடி தரையில் விழுவதைப் பார்த்து மனம் கசிய மாட்டார் என்று எண்ணுவதுதான் அவருக்குச் செய்யும் அவமதிப்பு.

நூம்பலுக்குப் பக்கத்தில் ஓடும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே, பெரியமேட்டில், 1850-ல் தொடங்கிய அரசு கவின் கலைக் கல்லூரி, பணிக்கர் முதல்வராக இருந்த அதே கல்லூரி, இருக்கிறது. ஃபிளெக்ஸுக்கும் மேடை அலங்காரத்துக்கும் ஆண்டுதோறும் செலவிடும் சபைகள், அடுத்த தவக்காலத்துக்குள் அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் சிலுவைப் பாதை வரைய 14 துணிகளைக் கொடுக்கலாம். உருவம் வேண்டும் என்று நிபந்தனை போடாமல், பாடுகளின் அதிகாரங்களை முதலில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்ல வேண்டும். ஓவியம் வந்ததும் ஆயர் அதன் முன் நின்று ஒரு ஞாயிறு பிரசங்கம் செய்யட்டும்.