மதுவும் வழிப்பயணமும்

கடல் கடந்து செல்லும் அன்பருட் சிலர் தம் பெட்டியில் திராட்சை மதுப் போத்தல்களையும் சுமந்து செல்கின்றனர். சென்றவிடத்தும் தாம் முன்னறிந்த பெயர்களையே தேடி அலைகின்றனர். மதுவருந்துதல் தகுமோ என்னும் வினாவை ஈண்டு எழுப்புவது நம் நோக்கமன்று. அருந்துவார்க்கும் பயண அறிவு வேண்டுமென்பதே நாம் கூற விழைவது.

மது கடல் கடப்பது புதிதன்று. யவனர் கொணர்ந்த தேறலைப் பருகி இனிது வாழ்கவென நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துவதைப் புறநானூற்றிற் காண்கின்றோம். 1945 இல் மோட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் நடத்திய அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மது வந்த சாடிகளின் ஓடுகள் கிடைத்தன.

ஆயினும் எல்லா மதுவும் பயணத்தைத் தாங்குவதில்லை. மதேராத் தீவின் மது வெப்பக் கடல்களிற் கப்பலேறிச் சுவை மிகுந்தது; போர்த்துக்கல்லின் போட் மது பிரண்டி சேர்த்து வலுவூட்டப்படுவது. மென்மையான மதுவோ வெப்பத்தாற் கெடும். 2006 இல் வந்த 100 மில்லிலீற்றர் விதி இன்றும் பல விமான நிலையங்களில் நிலவுதலின், போத்தலைக் கைப்பையிற் கொண்டு செல்லவும் இயலாது.

ஆதலின், வெறுங்கையுடன் சென்று அவ்வூராரை வினவுதலே நன்றென்போம். தூரோப் பள்ளத்தாக்கிற்குச் செல்பவர் அங்குள்ள சிறு தோட்டக்காரரிடம் கேட்பாராயின், ஏற்றுமதியாகாத நன்மதுவையும், அதனை ஆக்கிய மக்களின் நட்பையும் ஒருங்கே பெறுவர். பழகிய பெயரையன்றிப் பிறிதொன்றைத் தீண்டாதார் அந்நாட்டைக் கண்டவராகார்.

மீளுங்கால் நண்பர்க்கென ஒரு போத்தல் கொணரின், சுங்கத்தாரிடம் உள்ளதை உள்ளவாறு உரைக்க. நம் கல்லூரியின் நற்பெயரும் அப்பெட்டியுடனேயே வருகின்றது.